தீவாந்தரக் கவிஞனின் நாட்குறிப்பு

கிரேக்க உள்நாட்டுப் போர் உக்கிரமடைந்திருந்த 1948 ஆம் ஆண்டில், பொதுவுடைமைக் கவிஞர் யானிஸ் றிற்சோஸ் கைதாகி லெம்னோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கொன்டோபூலியில், அவ்வாண்டு ஒக்ரோபர் 27 முதல், நாள் குறித்து அவர் எழுதிய சிறு கவிதைகளே ‘தீவாந்தர நாட்குறிப்பு’.

சலோனிக்காத் தொழிலாளர் சுடப்பட்டபோது 1936 இல் அவர் பாடிய ‘எப்பிற்றாபியோஸ்’ ஊர்கூடிக் கேட்கும் ஒப்பாரி. இங்கோ குரல் தாழ்ந்துவிடுகிறது. குளிர், உணவு, காற்று, தோழரின் மௌனம் ஆகியனவே பொருள். போர் முழக்கத்தைத் தேடுவோர் ஏமாறுவர். சில நாட்களின் வரிகள் வெறுங் குறிப்பாகவே நின்றுவிடுவதும் உண்மை. ஆயினும் இதனைச் சோர்விலக்கியம் என ஒதுக்குவாருடன் எமக்கு உடன்பாடில்லை. 1947 டிசெம்பரில் வந்த 509 ஆம் இலக்கச் சட்டம் பொதுவுடைமைக் கட்சியைத் தடைசெய்தது. கொள்கையைத் துறந்ததாகக் கையொப்பமிடுமாறு முகாம்களில் கைதிகள் வற்புறுத்தப்பட்டனர். கைதியிடம் அரசு வேண்டிய எழுத்து அவ்வொரு கையொப்பமே. அவ்விடத்தில் ஒருவன் தன் நாளுக்குத் தானே திகதியிட்டு, உண்டதையும் உறங்காததையும் எழுதிவைப்பது எதிர்ப்பன்றி வேறென்ன? முழக்கத்தை மட்டுமே முற்போக்கென்று கொள்ளும் நம் விமர்சகர் சிலர் இதனைச் சிந்தித்தல் நன்று.

பின்னர் மக்றொனிசோஸ் தீவுக்கு மாற்றப்பட்ட றிற்சோஸ், 1949 இல் அங்கு எழுதிய கவிதைகளைப் போத்தல்களில் இட்டு மண்ணில் புதைத்துவைத்தார்.