பின்பாதியில் விழும் அடி: பிரேசிலின் ரெகே

ரெகேயின் பழைய நடையில் முதல் தட்டு வெறுமையாக இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் பெரிய டிரம்மின் அடி மூன்றில்தான் இறங்கும். ஜமைக்கா கலைஞர்கள் இதை ‘ஒன் டிராப்’ என்பார்கள். பிரேசிலின் சாம்பாவுக்கு இரண்டு தட்டுத் தாளம். அதில் சுர்தோ என்ற பெருமுரசின் ஆழ்ந்த அடி இரண்டாவது தட்டில் விழும். இரண்டு இசையிலும் கனம் சமத்தில் இல்லை, பின்பாதியில் இருக்கிறது. சாம்பாவின் வேகத்தைக் கொஞ்சம் தணித்தால் போதும், ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். பிரேசிலின் ரெகே ஒரு கலப்பிசை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். கலந்தவை பிரியாமல் நின்றதற்குக் காரணம் இந்தப் பின்பாதிக் கனம்தான் என்பது என் துணிபு.

காதால் கேட்டுத் தெளிய ஓலோடும் குழு போதும். 1979ல் பையா மாநிலத் தலைநகரான சல்வதோரில், ஒரு காலத்தில் அடிமைகளைத் தூணில் கட்டிச் சவுக்கால் அடித்த பெலோரின்யோ பகுதியில், கார்னிவல் ஊர்வலத்துக்காகக் கறுப்பின மக்கள் தொடங்கிய முரசுக் குழு அது. 1980களில் அதன் தாள ஆசான் நெகின்யோ தோ சாம்பா, சாம்பாவின் ஓட்டத்தை மட்டுப்படுத்தினார். வெவ்வேறு சுருதியில் கட்டிய சுர்தோக்களைத் தனித்தனி வரிசைகளாக நிறுத்தினார். ஒரு வரிசை கேட்க, மற்றது பதில் சொல்லும். அவற்றுக்கு மேலே ரெப்பீக்கே என்ற சிறு முரசுகளை, வளைந்து கொடுக்கும் மெல்லிய குச்சிகளால் அடிப்பார்கள். ரெகேயில் கிட்டார் இடைத்தட்டில் வெட்டி வெட்டி வாசிக்குமே, அந்த வேலை இங்கே குச்சிகளுக்கு. கிட்டார் இல்லை, பாஸ் இல்லை. ஆனாலும் ரெகே கேட்கிறது! சாம்பா-ரெகே என்று அதற்குப் பெயர் வந்தது. பால் சைமனின் 1990ஆம் ஆண்டு ஆல்பமான ‘தி ரிதம் ஆஃப் தி செயின்ட்ஸ்’ இந்த முரசுகளோடுதான் தொடங்குகிறது. மைக்கேல் ஜாக்சனின் ‘தே டோன்ட் கேர் அபவுட் அஸ்’ வீடியோவைப் பார்த்தவர்கள் அதே பெலோரின்யோத் தெருவில் அதே குழுவைப் பார்த்திருப்பார்கள். நெகின்யோ பிறகு பெண்களுக்கென்றே தீதா என்ற முரசுக் குழுவையும் உருவாக்கினார்.

முரசு வழி இது. பாட்டு வழி லண்டனில் தொடங்குகிறது. பிரேசிலின் ராணுவ ஆட்சி 1968 கடைசியில் கைது செய்து, பிறகு நாட்டைவிட்டு அனுப்பிய பாடகர்கள் கயட்டானோ வெலோசோவும் ஜில்பர்ட்டோ ஜில்லும் அங்கே கரீபியக் குடியேறிகளின் தெருக்களில் ரெகேயைக் கேட்டார்கள். கயட்டானோவின் ‘டிரான்ஸா’ (1972) ஆல்பத்திலேயே அதன் சாயல் வந்துவிட்டது. ஆனால் நாடு முழுவதையும் தொட்டது, பாப் மார்லியின் ‘நோ வுமன், நோ க்ரை’ பாடலை ஜில் 1979ல் போர்த்துக்கீசில் பாடியதுதான். மார்லி பாடிய ஜமைக்காவின் டிரெஞ்ச்டவுன் முற்றம் அதில் ரியோவின் கடலோரப் புல்வெளியாகிறது. பிடிபட்ட நண்பர்களும் காணாமல்போன நண்பர்களும் நினைவில் வருகிறார்கள். அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே. ஒரு அயல்நாட்டுப் பாட்டு இவ்வளவு முழுமையாக இன்னொரு மண்ணின் துயரத்தை ஏற்றுக்கொண்டதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தக் கலவையில் கேட்கும் சோல் இசையும் ஜாஸும் வெளியிலிருந்து பிறகு சேர்த்த சரக்கு அல்ல. ரெகேயின் முன்னோடியான ஸ்காவை வாசித்த டான் டிரம்மண்ட் போன்றவர்கள் கிங்ஸ்டனின் ஆல்ஃபா பள்ளியில் பயின்ற ஜாஸ் கலைஞர்கள்; மார்லியின் வெய்லர்ஸ் குழு கர்டிஸ் மேஃபீல்டின் சோல் பாடல்களைக் கேட்டே குரலைப் பதப்படுத்திக்கொண்டது. பிரேசில் பக்கத்தில் போஸா நோவா ஜாஸின் ஸ்வர அடுக்குகளோடு ஏற்கெனவே உறவாடிக்கொண்டிருந்தது. இளமையில் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய டிம் மாயா 1970ல் தன் முதல் ஆல்பத்தில் சோலைச் சொந்த மொழியில் பாடிவிட்டார். ஆகவே இரு நாட்டு இசையும் சந்தித்தபோது பங்காளிகள் சந்தித்ததாகவே இருந்தது. இரண்டு மூன்று ஸ்வர அடுக்குகளில் சுழலும் ரெகேயின் மேல் ஜில்லின் கிட்டார் ஏழாம், ஒன்பதாம் ஸ்வரங்களை ஏற்றும்போது ஒட்டுப்போட்ட தடம் தெரிவதில்லை.

பின்னால் வந்த குழுக்கள் பல. பராலமாஸ் தோ சுசெசோவின் ‘அலகாதோஸ்’ (1986) சல்வதோரின் நீர்மேல் குடிசைகளையும் டிரெஞ்ச்டவுனையும் ஒரே மூச்சில் சொல்லும். சிதாதே நெக்ரா குழுவில் டோனி காரிடோவின் சோல் குரல். பிரேசிலியாவிலிருந்து வந்த நட்டிருட்ஸ் இனிமையான குழு. ஆனால் அந்த இனிமைக்காக முரசைப் பின்னுக்குத் தள்ளியது இழப்பு என்றே நினைக்கிறேன். பையாவின் கஷுவேராவில் பிறந்த எட்சன் கோமெஸின் ‘ரெகே ரெசிஸ்டென்சியா’ (1988) அப்படி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

வடக்கே மரன்யாவ் மாநிலத்தின் சாவ் லூயிஸ் நகரம் வேறு பாதை. அங்கே ரெகே ‘ரேடியோலா’ வழியாகப் பரவியது: ஆள் உயரத்தைத் தாண்டி அடுக்கிய ஸ்பீக்கர் சுவர்கள், ஜமைக்காவின் பழைய இசைத்தட்டுகள். கிரெகரி ஐசக்ஸ், எரிக் டொனால்ட்சன் போன்றோரின் மெதுவான காதல் பாட்டுகளுக்குத்தான் மவுசு. ஜோடியாக, கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடுவார்கள். ஜமைக்காவில் ரெகேயைப் பெரும்பாலும் தனித்தனியாக ஆடுவார்கள். ஆங்கிலம் புரியாததால் பாட்டுகளுக்குக் காதில் விழுந்தபடி உள்ளூர்ப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஏழைக் கறுப்பினத்தாரின் கூத்து என்று மேட்டுக்குடியினர் இகழ்ந்த காலமும் உண்டு. 2018ல் அங்கே ரெகே அருங்காட்சியகம் திறந்தது. 2023ல் ஒரு மத்தியச் சட்டம் அந்நகரை நாட்டின் ரெகே தலைநகராக அறிவித்தது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதே ஊரில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து படித்தவர்கள் 1980களில் உருவாக்கிய ட்ரிபோ தெ ஜா. அதுவரை மெட்டை மட்டும் பற்றிக்கொண்டு ஆடிய கூட்டத்துக்கு, அந்தக் குழு போர்த்துக்கீசிலேயே ரெகே எழுதிப் பாடியது.