பெயரடைப் பயிற்சியும் கொங்கு நாட்டு வீடும்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வீட்டில் தரப்படும் வருணனைப் பயிற்சி பெரும்பாலும் ஒரே வடிவம் கொண்டது. ஒருபுறம் சொற்பட்டியல், மறுபுறம் கோடிட்ட இடங்கள். குழந்தை 'அழகான பூ', 'அழகான வீடு', 'அழகான மாடு' என்று நிரப்புகிறது. விடையில் பிழையில்லை. ஆனால் பூவையோ வீட்டையோ மாட்டையோ பார்க்காமலேயே அதை எழுதிவிட முடியும்.

மொழியின் இயல்பு

இப்பட்டியல் முறை ஆங்கிலப் பாடத்துக்குப் பொருந்தும் அளவு தமிழுக்குப் பொருந்துவதில்லை. நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய போன்ற தனிப் பெயரடைகள் தமிழில் குறைவு. பெயருடன் 'ஆன' சேர்ந்து 'உயரமான' என்றும், பெயரெச்சமாகக் 'காய்ந்த', 'நனைந்த' என்றும், இரட்டித்து வரும் சொல்லிலிருந்து 'மொறுமொறுப்பான', 'வழவழப்பான' என்றும் அடைகள் உருவாகின்றன. 'காய்ந்த மட்டை' என்று சொல்லும் குழந்தை மட்டைக்கு நேர்ந்ததையும் சேர்த்தே சொல்கிறது. வினைச்சொற்களை அறிந்த குழந்தையிடம் அடைமொழிகளில் பாதி ஏற்கெனவே உள்ளன. பட்டியல் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

தூரனின் முன்மாதிரி

கொங்கு நாட்டில் பிறந்த பெ. தூரன் (1908–1987) கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்; குழந்தை உளவியல் பற்றியும் எழுதியவர். அவரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு பொருளின் உருவம், நிறம், பயன் ஆகியவற்றைச் சிறுவருக்குத் தெளிவான தமிழில் சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று. எனினும் கலைக்களஞ்சியம் பொதுமையைச் சொல்லும் வடிவம். அது மாட்டினத்தை விவரிக்கும். தொழுவத்தில் நிற்கும் மாட்டை விவரிக்க வேண்டியது குழந்தையே.

வீட்டுச் சொல்

காங்கேயம் மாடுகளை மயிலை, செவலை, காரி என்று நிறம் கொண்டு அழைப்பது கொங்கு வழக்கம். கன்று செந்நிறமாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். 'செவலையாகப் பிறந்த கன்று இப்போது மயிலையாகிவிட்டது' என்று எழுதும் குழந்தை நிறத்தோடு காலத்தையும் கவனித்திருக்கிறது. 'செவலை'யை அடித்துப் 'பழுப்பு' என்று திருத்தும் பெற்றோர் அந்தக் கவனிப்பையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள்.

வட்டாரச் சொல் மட்டும் போதும் என்பதும் சரியல்ல. வேறு மாவட்டத்து வாசகருக்கும் புரியும் சொல்லைக் குழந்தை கற்றாக வேண்டும். தேர்விலும் அதுவே கேட்கப்படும். இங்கு வரிசையே முக்கியம். பொருளைத் தொட்டுப் பார்த்து, 'தொட்டால் எப்படி இருக்கிறது? நேற்று எப்படி இருந்தது?' என்ற கேள்விகளுக்குக் குழந்தை வீட்டுச் சொல்லில் வாய்மொழியாக விடை சொல்லட்டும். பொதுச்சொல்லை அதன் அருகில் பிறகு எழுதலாம். பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' (2000) இச்சொற்களை அகராதியில் ஏற்றியது. குழந்தையின் நோட்டிலும் அவற்றுக்கு இடமிருக்க வேண்டும்.