பரிசில்லாத மேடை

கார்த் ஜென்னிங்ஸின் ‘சிங்’ (2016) குழந்தைங்க படம்தானே, இதுல என்ன அரசியல் என்று தோழர்கள் கேட்கலாம். 1990இல் மண்டலுக்கு எதிராகத் ‘தகுதி, திறமை’ என்ற சொல்லாடல் எப்படிக் கிளப்பப்பட்டது என்பதை அறிந்தவர்கள் திறமைப் போட்டி பற்றிய ஒரு பிரதியைச் சும்மா விட்டுவிட முடியாது.

கடனில் மூழ்கும் தன் அரங்கைக் காப்பாற்ற ஒரு கோலா பாட்டுப் போட்டி அறிவிக்கிறது. ஆயிரம் டாலர் பரிசு அச்சுப் பிழையால் லட்சமாகிவிட, ஊரே வரிசையில் நிற்கிறது. 25 குட்டிகளின் தாயான ரொசிட்டா என்ற பன்றி, ஒத்திகைக்குப் போவதற்காக வீட்டுவேலை அத்தனையையும் செய்யும் ஓர் இயந்திரத்தைக் கயிறும் கப்பியுமாகக் கட்டிவைக்கிறாள். அவள் இல்லாததே வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. படத்துக்கு இது வேடிக்கை. எனக்கு இதுதான் படம். பாட வருமா என்பது இரண்டாவது கேள்வி. பாட வர நேரமிருக்கா என்பதே முதல் கேள்வி. திறமை பேசுவோர் இந்த முதல் கேள்வியைக் கேட்பதேயில்லை.

கடற்கரை–தாம்பரம் மின்சார வண்டியில் பார்வையற்றவர்கள் பாடிக்கொண்டே வருவார்கள். அதற்குச் சில்லறை போடுவோம், இல்லைன்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவோம். 2006இல் ‘சூப்பர் சிங்கர்’ வந்த பிறகு குரோம்பேட்டை, தாம்பரம் வீட்டுக் கூடங்களில் நாமெல்லோரும் நடுவர்கள். வண்டியில் கேட்டது ‘பிச்சை’, பெட்டியில் கேட்பது ‘திறமை’. இரண்டையும் பிரிப்பது குரலல்ல, மேடை.

அரங்கு இடிந்தபின் அந்த இடிபாட்டில் நின்று, பரிசுமில்லாமல் நடுவருமில்லாமல் எல்லோரும் பாடுகிறார்கள். படம் தன்னையே மீறும் இடம் இது. ஆனால் மேடை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுவதற்குள், ஒரு பணக்காரக் கிழட்டு ஆடு அந்த இடத்தை வாங்கிவிடுகிறது.