திரைக்குப் பின்னால் கிணறு தெரியுமா?

நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அல்வாவைப் பங்கு போட அம்மாக்கள் ஒரு விதி வைத்திருப்பார்கள்: வெட்டுகிறவனுக்குக் கடைசித் துண்டு. அதற்கப்புறம் அவன் கத்தி பிடிக்கிற நிதானமே வேறு.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய ‘நீதிக் கோட்பாடு’ இந்த விதியை ஒரு சமூகம் முழுவதற்கும் விரிக்கிறது. புதிய சமூகத்துக்குச் சட்டம் எழுத உட்காருகிறவர்களுக்கு, அதில் தாம் ஆணா பெண்ணா, முதலாளியா கூலியாளா என்பது தெரியக்கூடாது. இந்த ‘அறியாமைத் திரை’க்குப் பின்னால் இருப்பவர்கள் அடிப்படைச் சுதந்திரங்களைச் சமமாக வைப்பார்கள், ஏற்றத்தாழ்வு இருந்தால் அது கடைக்கோடி மனிதருக்கு ஆதாயமாக இருக்க வேண்டும் என்பார்கள் என்றார் ரால்ஸ்.

இரண்டாவது முடிவு சந்தேகத்துக்குரியது. ஃப்ரோலிச், ஓப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மாணவர்களைக் குழுக்களாக அமர்த்திச் சோதித்தபோது, யாரும் ஓர் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் சராசரி வருமானத்தைக் கூட்டும் விதியையே பெரும்பாலோர் தேர்ந்தார்கள். ஆனால் அது சில்லறைக் காசுக்கு நடந்த சோதனை. அதை வைத்து ரால்ஸைத் தள்ளிவிட முடியாது.

என் தயக்கம் வேறிடத்தில். இந்திய அரசியலமைப்பின் 15(2) பிரிவைப் படியுங்கள். சாதி போன்ற காரணங்களால் யாரையும் தடுக்கக்கூடாத இடங்களின் பட்டியல் கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று போகிறது. நாட்டின் உச்சச் சட்டத்தில் கிணற்றுக்கு என்ன வேலை?

மகாட் ஊரின் சவதார் குளத்தைக் கேட்டால் தெரியும். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தலித்துகளால் தண்ணீர் மொள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். கூட்டம் முடிந்து திரும்பியவர்களை அடித்தார்கள். பிறகு பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் ‘தீட்டு’ கழித்தார்கள். பின்னாளில் அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைவராக அமர்ந்தவர் அம்பேத்கர்தான். திரைக்குப் பின்னால் இருந்திருந்தால் அவருக்கு இந்தக் கிணறு தெரிந்திருக்குமா?

ரால்ஸ் தரப்பிலும் பதில் உண்டு. முதற்கொள்கைகள் முடிவான பின், அரசியலமைப்பு எழுதும் கட்டத்தில் திரை கொஞ்சம் விலகும். தம் சமூகத்தைப் பற்றிய பொதுவான உண்மைகள் உறுப்பினர்களுக்குத் தெரியவரும். சரி. ஆனால் எந்த உண்மை மேசைக்கு வரும் என்பதை யார் தீர்மானிப்பது? ‘சாதிப் பாகுபாடு உண்டு’ என்பது பொதுவான உண்மை. அது கிணற்றடியில் எப்படி நடக்கிறது என்பதை அடிபட்டவர்தான் சட்டத்தில் எழுதவைக்க முடியும்.

அதற்காகத் திரை வீண் என்று சொல்லமாட்டேன். எழுதி முடித்ததைச் சோதிக்க அதைப்போல வேறு கருவி இல்லை. மாகாணங்களிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு வந்தவர்களைத் தேர்ந்த சட்டமன்றங்கள், மக்களில் சிறு பகுதிக்கே வாக்குரிமை இருந்த தேர்தலில் உருவானவை. அப்படி வந்தவர்கள் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்தார்கள். திரைச் சோதனையில் 326ஆவது பிரிவு அட்டகாசமாகத் தேறுகிறது.

அரசுக்கு வழிகாட்டும் நெறிகளைச் சொல்லும் நான்காம் பகுதி தேறவில்லை. பிழைப்புக்கு வழி, வேலை, வாழத் தகுந்த கூலி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்காக நீதிமன்றம் போக முடியாது என்கிறது 37ஆவது பிரிவு. தான் கூலியாளாகப் பிறக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும் இதற்குச் சம்மதித்திருக்கமாட்டார். கல்வி மட்டும் 2002இல் அங்கிருந்து அடிப்படை உரிமைக்கு ஏறியது. கூலி இன்னும் அங்கேயே இருக்கிறது.