ஷார்டானின் அடுக்களை

1667இல் பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தில் ஃபெலிபியன் வகுத்த தரவரிசையில் வரலாற்றோவியம் உச்சியிலும், பழமும் பூவும் அடியிலும் நின்றன. ஷார்டான் 1728இல் அக்கழகத்திற் சேர்க்கப்பட்டதும் விலங்கும் பழமும் வரைபவர் என்ற தகுதியிலேயே. 1761 அளவில் அவர் தீட்டிய ஓவியமொன்றின் அகலம் 41 சென்ரிமீற்றர்தான்: நீருள்ள கண்ணாடிக் குவளை, கபில நிறக் கோப்பிச் சாடி, மூன்று உள்ளிகள், அவ்வளவே.

இதனை எளிமையின் அழகு எனப் புகழ்ந்தமைவது விமர்சனமாகாது. சாடியின் மங்கலுக்கு அருகே நீரின் தெளிவை நிறுத்தியமை ஓவியரின் தேர்வு. அடுக்களையில் அப்படியே கிடந்ததன்று. போர்வெற்றிகளைத் தீட்டியோர் வண்ணத்திற் பிழைத்தாலும் கதையின் பெருமையில் ஒதுங்கிக்கொள்ளலாம். உள்ளி வரைபவனுக்கு அப்புகலிடம் இல்லை. உள்ளடக்கத்தின் கனத்தாலேயே படைப்பை நிறுப்போர் (நம்மிடையேயும் உளர்) இவ்வோவியத்தின் முன் சற்றே தயங்க நேரும்.

எனினும் ஷார்டானைக் கலகக்காரர் ஆக்குவது மிகை. 1755 முதல் அவரே அக்கழகத்தின் பொருளாளர்.