மணிக்கட்டில் ஒரு முகம்

பன்வில தோட்ட லயத்திலிருந்து பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைக்குக் காய்ச்சலைவிடப் பெரிய பயம், அம்மா எழுந்து போய்விடுவாளோ என்பதுதான்.

அங்கேதான் நல்ல தாதியின் கைவேலை தொடங்குகிறது. அவர் ஊசியை ஒளிப்பதில்லை. தெரிந்த கொஞ்சத் தமிழில், “கொஞ்சம் வலிக்கும் புள்ள. அழுங்க, பரவால்ல. கை மட்டும் ஆட்ட வேணாம்” என்கிறார். விரல்நுனி இரத்த நாளத்தைத் தேடுகிறது. ஊசி வெளியே வந்துவிட, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும் உள்ளே நிற்கிறது. மணிக்கட்டு மடங்காதிருக்க ஒரு சிறு பலகை, அதைச் சுற்றிக் கட்டு. பிறகு பேனையால் அந்தக் கட்டின்மேல் இரண்டு கண், ஒரு வாய். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பயந்த கை பொம்மையாகிவிடுகிறது!

அம்மாவைப் பிரியும் அந்தப் பயத்தைக் காட்ட, ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் லண்டன் ஆஸ்பத்திரியொன்றில் இரண்டு வயதுக் குழந்தையொன்றைப் படமெடுத்தார்; படம் 1952இல் வெளிவந்தது. அழுகை அடங்கினால் பிள்ளை தேறிவிட்டது என்றே அன்று நினைத்தார்கள். நம்பிக்கை போனாலும் அழுகை அடங்கும் என்று அவர் காட்டினார். பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொன்னது 1959இல் வெளிவந்த பிரித்தானியாவின் பிளாட் அறிக்கை.

இங்கே, கொழுந்து மலையில் அன்றைய பேரை (நாட்சம்பளத்தை) இழந்து வந்த அம்மாவுக்காகத் தாதி கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப் போடுகிறார். பிள்ளை கட்டுப்போட்ட கையை நீட்டி, “அம்மா, இது சிரிக்குது” என்கிறது.