கரையில் பொரிப்பகம், கடலில் மடிவலை

நீலாங்கரையில் இரவு பதினொன்றரைக்குப் புறப்பட்டால் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் தாண்டிப் பெசன்ட் நகர் போய்ச் சேர விடியும் வேளையாகிவிடும். ஒரு பிப்ரவரி இரவு கல்லூரிப் பிள்ளைகளோடு நானும் நடந்தேன். பாலவாக்கம் குப்பத்தருகே முன்னால் போன பையன் நின்றான். ஈர மணலில் டிராக்டர் சக்கரம் ஓடினாற்போல ஓர் ஆமைத் தடம் ஏறியிருந்தது. பக்கத்திலேயே இறங்கிய தடம். குச்சியால் மெல்லக் குத்திக்கொண்டே வந்தார்கள். ஓரிடத்தில் பொதுக்கென்று உள்ளே போனது. முழங்கை வரை கையை விட்டு, பிங்பாங் பந்து போன்ற முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் அடுக்கினார்கள். நூற்றுக்கும் மேல் இருந்தன. இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றியாக வேண்டும். கரு ஓட்டில் ஒட்டிக்கொண்டபின் புரட்டினால் செத்துப்போகும்.

1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் தொடங்கிய நடை இது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இதை விடாமல் நடத்துகிறது. முன்பு மனிதர் தோண்டி விற்றது போக மிஞ்சியதை நாய்கள் தின்றன. இன்று முட்டைகளுக்கு வேலி இருக்கிறது. 2024இல் தமிழகப் பொரிப்பகங்களிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போயின.

இந்த எண்ணிக்கைதான் என்னை உறுத்துகிறது. பொரிப்பகம் தேவைப்படுவதே கரை கெட்டுப்போனதால்தான். கடலோர பங்களாக்களின் விளக்கு வெளிச்சத்தைக் கடலென்று நம்பி, குஞ்சு சாலைப் பக்கம் ஊர்கிறது. விளக்கை அணைக்கச் சொல்வதைவிட முட்டையைத் தூக்கிப் போவது சுலபம். நாமும் சுலபமானதையே செய்கிறோம். முட்டை பெண்ணாவதும் ஆணாவதும் மணலின் சூட்டைப் பொறுத்தது. ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேலே போகப்போகப் பெண் குஞ்சுகளே பெருகும். பல கிலோமீட்டரில் சிதறிக் கிடக்க வேண்டிய கூடுகளை ஒரே வேலிக்குள் அடைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே சூடு. மேலே நிழல் வலை கட்டுகிறார்கள். அது பாதித் தீர்வு. இன்னொன்று, செல்போனோடு கூடும் கூட்டத்துக்காகக் குஞ்சுகளைக் கூடையில் காக்க வைக்கும் வழக்கம். பொரிந்தவுடன் ஆழ்கடலுக்கு நீந்திப்போக வைத்திருக்கும் தெம்பைக் கூடையிலேயே செலவழித்துவிடும்.

மீனவரைச் சேர்த்துக்கொண்டதில்தான் உண்மையான முன்னேற்றம் என்பேன். நீலாங்கரையில் 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், குப்பத்து இளைஞர்களையே கடலாமைக் காவலர்களாக்கியது. நாங்கள் வருஷத்தில் நாலு இரவு நடப்பவர்கள். அவர்கள் நாள் தவறாமல் அந்த மணலில் இருப்பவர்கள். ஆனால் அவர்கள் கைக்கு எட்டுவது கரை மட்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பிரேதப் பரிசோதனை காட்டியது மூச்சுத் திணறல், வலையில் மாட்டி மேலே வர முடியாத சாவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. முட்டையிட வந்த தாய்கள் அவை. பொரித்து விடும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்று பிழைத்து, பல வருஷம் கழித்துத்தான் அந்தத் தாயின் இடத்துக்கு வரும்.

விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் மடி இழுக்கக் கூடாதென்று விதி இருக்கிறது. இருட்டில் யார் அளப்பது? பாலவாக்கத்து ஃபைபர் படகுக்காரருக்கும் இதே கேள்விதான். லாஞ்சு என்கிற விசைப்படகு உள்ளே வந்தால் ஆமையோடு அவர் வலையும் போகிறது. அதற்காக அவரை முழுக்க விடுவிக்கவும் மாட்டேன், செவுள் வலையிலும் ஆமை மாட்டிச் சாகிறது. ஆனாலும் கூட்டம் போட்டு அறிவுரை சொல்ல நாம் போவது குப்பத்துக்குத்தான், லாஞ்சு உரிமையாளரிடம் அல்ல. இழுவலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் பொருத்தினால் இறால் உள்ளே போகும், ஆமை மேலே திறந்த வழியாகத் தப்பும். மீனும் தப்புகிறதே என்பது லாஞ்சுக்காரர்களின் மறுப்பு. அந்தக் கம்பிச் சட்டம் இல்லாததைக் காட்டியே 2019இல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. அப்போதும் நஷ்டக் கணக்கு பேசப்பட்ட அளவுக்கு ஆமை பேசப்படவில்லை.

கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்தைக் கணக்கிட்டு வைத்த தேதி அது. பங்குனி ஆமை என்று மீனவர் பெயர் வைத்த உயிருக்குத் தடை வருவது சித்திரை இரண்டாம் நாள்.